அயர்லாந்து நாட்டுப்புறத்தின் இரவுக் கூடல்கள்: அவற்றைத் தாங்கி நின்றது எது?

பதிவு 1 – மேற்கு மழை

நண்பர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறேன். இரவுப் பணியின்போது உறக்கம் வராத முதியவர்கள் பேசத் தொடங்குவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பிறந்த வீட்டின் அடுப்பங்கரைக்கே வந்து சேரும். அதைக் கேட்டுக் கேட்டு என்னுள் எழுந்த ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

அறுவடை முடிந்து, உருளைக்கிழங்கும் வீடு வந்து சேர்ந்தபின், நவம்பரிலிருந்து மார்ச் வரை இரவுகள் மிக நீளமானவை. அந்த இரவுகளில் அக்கம்பக்கத்தார் ஏதாவது ஒரு வீட்டில் கூடுவார்கள். வடக்கிலும் மேற்கிலும் இதைக் 'கேய்லி' என்றார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் நடனம்தான் நினைவுக்கு வரும். அன்று அதன் பொருள் அண்டை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வருவது என்பதே. கெரி, லிமெரிக் பக்கங்களில் அப்படிக் கூடும் வீட்டுக்கு 'ராம்ப்ளிங் ஹவுஸ்' என்று பெயர். யாரும் கதவைத் தட்டுவதில்லை. தாழ்ப்பாளைத் தூக்கி, "இங்குள்ள எல்லோரையும் கடவுள் காக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள். சந்தையில் கன்றுக்குட்டி என்ன விலை போனது, யார் வீட்டுப் பசு ஈன்றது, அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று பேச்சு தொடங்கும். பிறகு பேய்க்கதை வரும். யாரிடமாவது ஃபிடில் எனப்படும் வயலின் இருந்தால் அடுப்பின் முன்னே பதித்த கற்பலகையின்மேல் ஆட்டமும் நடக்கும். ஆடும் காலடிச் சத்தம் எதிரொலிக்க வேண்டும் என்பதற்காகச் சில வீடுகளில் அந்தப் பலகையின் அடியில் குதிரையின் மண்டையோட்டைப் புதைத்து வைத்ததும் உண்டு.

எங்கள் இல்லத்தில் எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். மறதி நோயால் பிள்ளைகளின் பெயர்கள்கூட அவருக்கு நழுவிவிட்டன. ஆனாலும் இரவு பத்து மணி ஆனதும் அவருடைய இரண்டு கைகளும் போர்வையின்மேல் ஒரு வேலையைச் செய்யத் தொடங்கும்: எதையோ நடுவுக்குக் கூட்டிச் சேர்க்கும், பிறகு இரு பக்கமிருந்தும் மெதுவாக மூடும், கடைசியில் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தும். அடுப்பு நெருப்பை மூடுகிறார் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்தே புரிந்தது. விருந்தாளிகள் எல்லோரும் எழுந்து போனபின், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி உலர்த்திய எரிபொருளான சதுப்புக்கரியின் எரிகிற துண்டுகளைக் கூட்டிச் சாம்பலால் மூடி வைத்தால் காலையில் கிளறியதும் தணல் இருக்கும். பல வீடுகளில் அந்த நெருப்பு தலைமுறைக் கணக்கில் அணையாமல் இருந்ததாகச் சொல்வார்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இந்தக் கூடல்களைப் பொழுதுபோக்கு என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'டர்ஃப்' எனப்படும் சதுப்புக்கரியை எடுப்பதை எண்ணிப் பாருங்கள். நீண்ட குறுகிய மண்வெட்டியால் ஒருவர் வெட்ட வேண்டும். ஈரம் சொட்டும் கட்டியை மற்றொருவர் கையில் ஏந்த வேண்டும். மூன்றாமவர் அதைக் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும். மேற்புறம் உலர்ந்ததும் ஐந்தாறு கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துக் காற்றுக்கு நிறுத்த வேண்டும். கதிரடிக்கும் இயந்திரம் ஊருக்கு வரும் நாளில் இருபது பேர் வரை தேவைப்படுவார்கள். கூலி கொடுக்க யாரிடமும் பணம் இல்லை. ஆகவே இன்று நான் உன் வயலுக்கு வருகிறேன், நாளை நீ என் வயலுக்கு வா என்ற கைமாற்று உழைப்பு முறை இருந்தது. ஐரிஷ் மொழியில் அதை 'மெஹல்' என்பார்கள். இரவில் யார் வீட்டு அடுப்பருகே உட்கார்ந்தீர்களோ, அவர்கள்தாம் பகலில் உங்கள் வயலுக்கு வந்தார்கள். அறுவடை இயந்திரம் வந்து அந்தத் தேவை தீர்ந்ததும் இரவுக் கூடலும் தீர்ந்தது என்பதே என் கருத்து. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 – லிஃபிக்கரை

சகோதரிக்கு நன்றி. பாட்டியின் கைகளைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தேன். ஆயினும் உங்கள் முடிவை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. தேவை தீர்ந்ததால் கூடல்கள் தாமாக மறைந்தன என்றால், அவற்றை மறையச் செய்தவர்கள் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

1925ஆம் ஆண்டு ஐரிஷ் கத்தோலிக்க ஆயர்கள் நடனங்களைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டு, அதைத் தேவாலயங்களில் வாசிக்கச் செய்தார்கள். அந்த எண்ணமே பத்தாண்டுகளில் சட்டமாயிற்று. 1935ஆம் ஆண்டின் பொது நடன அரங்குகள் சட்டப்படி, பொது நடனம் நடத்த மாவட்ட நீதிமன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். தனி வீட்டில் அண்டை அயலார் கூடி ஆடுவது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குள் வருமா என்பதே ஐயத்துக்குரியது. ஆனால் நடைமுறையில் பல பங்குத்தந்தையர்களும் (ஊர்த் தேவாலயப் பாதிரியார்கள்) காவலர்களும் வீட்டு நடனத்தையும் நாற்சந்தி நடனத்தையும் ஒருசேர அடக்கினார்கள். ஃபிடில் வாசிப்பவர் வீட்டுக்குக் காவலர் வந்து போனால், அடுத்த வாரம் யார் அங்கே போவார்கள்?

அதன்பின் பங்குகள்தோறும், அதாவது ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும், அரங்குகள் எழுந்தன. அவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இருந்தது; வாசலில் பங்குத்தந்தை நின்றார். சமையலறையில் ஒரு ஃபிடிலும், கையால் விரித்துச் சுருக்கி வாசிக்கும் கான்சர்ட்டினா ஒன்றும் போதும். பெரிய அரங்கில் அந்த ஒலி எடுபடாது. ஆகவே பல கருவிகள் சேர்ந்த கேய்லி இசைக்குழுக்கள் பெருகின. கிளேர் மாவட்டத்தின் கில்ஃபெனோரா குழு போன்றவை அருமையான இசையைத் தந்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் சமையலறையில் எல்லோரும் மாறி மாறி வாசித்து, மாறி மாறி ஆடினார்கள். அரங்கில் மேடை என்றும் கூட்டம் என்றும் இரண்டு தரப்புகள் உண்டாகிவிட்டன.

லீட்ரிம் மாவட்டத்தின் எஃப்ரினா ஊரில் ஜிம்மி கிரால்டன் என்ற இடதுசாரி ஓர் அரங்கு கட்டினார். அங்கே நடனமும் உண்டு, வகுப்புகளும் உண்டு, நிலத் தகராறுகளைப் பற்றிய கூட்டமும் உண்டு. தேவாலயப் பிரசங்க மேடையிலிருந்து திருச்சபை அவரைக் கண்டித்தது. 1932 டிசம்பரில் அரங்கு எரிக்கப்பட்டது. 1933இல் அரசாங்கம் அவரைச் சொந்த நாட்டிலிருந்தே அமெரிக்காவுக்கு நாடுகடத்தியது. மக்கள் தாமாகக் கூடும் இடத்தைக் கண்டு அதிகாரம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பதிவு 3 – அடுக்களை நேரம்

இரு பதிவுகளிலும் ஒருவரைக் காணவில்லை. அந்த இருபது பேருக்கும் சோறு ஆக்கியவரைத்தான் தேடுகிறேன்.

கதிரடிப்பு நாளில் விடியலுக்கு முன்பே எழுந்து, ரொட்டி சுட்டு, பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வேகவைத்து, ஆண்கள் இரண்டு மூன்று பந்திகளாக வந்து உண்டு போனபின் பாத்திரம் கழுவியது யார்? அதற்கான தண்ணீர் குழாயில் வரவில்லை. வீட்டுப் பெண்களும் சிறுமிகளும் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள். இரவுக் கூடலிலும் ஊர் சுற்றி வந்து உட்காரும் உரிமை பெரும்பாலும் ஆண்களுக்கே இருந்தது. கூடலுக்கு இடம் கொடுத்த வீட்டின் பெண், கதை கேட்டாலும் காலுறை பின்னிக்கொண்டோ கம்பளி நூற்றுக்கொண்டோதான் கேட்டார். அனைவரும் போனபின் நெருப்பை மூடியதும் அவரே. மேற்கு மழை அவர்கள் விவரித்த அந்தக் கைகள் இதற்குச் சாட்சி சொல்கின்றன.

நாட்டுப்புற மின்மயமாக்கலின் முதல் கம்பம் 1946 நவம்பர் 5 அன்று டப்ளின் மாவட்டத்தின் கில்சலகன் ஊரில் நடப்பட்டது. கெரி மலைகளுக்கு நடுவில் உள்ள பிளாக் வேலிக்கு மின்சாரம் போய்ச் சேர 1970கள் ஆயின. 1961 டிசம்பர் 31 அன்று அயர்லாந்தின் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. இவற்றைத்தான் கூடலைக் கொன்ற குற்றவாளிகள் என்று பலர் சொல்வார்கள். மின்விளக்கு வந்ததும் பேய்கள் ஓடிவிட்டன என்பது அங்கே ஊருக்கு ஊர் சொல்லப்படும் பேச்சு. ஆனால் மின்சாரம் என்றால் தண்ணீர் இறைக்கும் பம்பு என்றும் பொருள் உண்டு. 1910இல் தொடங்கிய நாட்டுப்புறப் பெண்கள் சங்கம், மின்சாரத்துக்காகவும் குழாய்த் தண்ணீருக்காகவும் விடாமல் பிரசாரம் செய்தது. உள்ளூர் வரி கூடிவிடும் என்று தண்ணீர்க் குழாயை எதிர்த்த ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் எதை இழக்கத் தயாராக இருந்தார்கள், எதைப் பெற விரும்பினார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

கதவு தாழிடாத ஊரில் கண்களுக்கும் தாழில்லை. யார் யாருடன் பேசினார்கள் என்பதை ஊர் முழுவதும் அறிந்திருந்தது. மணமாகாமல் கருவுற்ற பெண்ணை அந்த அன்பான அண்டை வீடுகளே மௌனமாகத் தாய்-சேய் இல்லங்களுக்கு அனுப்பிவைத்தன. 2021இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்ததாகப் பதிவுசெய்கிறது. அடுப்பங்கரைக் கதைகளில் அந்தப் பெண்களின் பெயர்கள் வருவதில்லை. அவர்களுக்கான இடத்தை விட்டுவைத்துத்தான் இந்த நினைவுகளை நாம் பேச வேண்டும்.

பதிவு 4 – கார்க் வாசி

சட்டமா, இயந்திரமா, மின்சாரமா என்று விவாதிக்கிறோம். எண்ணிக்கையையும் கொஞ்சம் பாருங்கள். இன்றைய குடியரசின் 26 மாவட்டங்களில் 1841ஆம் ஆண்டு 65 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்ததால் வந்த பெரும் பஞ்சமும் அதன்பின் நிற்காமல் தொடர்ந்த குடிபெயர்வும் சேர்ந்து, 1961இல் அந்த எண்ணிக்கையை 28 லட்சத்துக்குக் கொண்டுவந்தன. 1950களில் மட்டும் நான்கு லட்சம் பேர் வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஆடுவதற்கு ஒரு செட்டுக்கு, அதாவது நான்கு ஜோடிகள் சேர்ந்த ஆட்டக்குழுவுக்கு, எட்டுப் பேர் வேண்டும். ஊரில் எட்டு இளைஞர்கள் இல்லாதபோது எந்தச் சட்டமும் தேவையில்லை.

போகிறவர்களுக்காகவும் ஒரு கூடல் இருந்தது. கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு, உறவினரும் அண்டை அயலாரும் கூடி விடியும்வரை விழித்திருப்பார்கள். அதற்கு 'அமெரிக்க வேக்' என்று பெயர். வேக் என்பது பிணத்தின் அருகே விழித்திருப்பதைக் குறிக்கும் சொல். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல்லை இட்டார்கள், ஏனென்றால் நீராவிக் கப்பல் காலத்திலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை திரும்பி வருவது அரிது. பாட்டும் ஆட்டமும் ஓயாமல் நடக்கும். விடியலில் தாய் மகளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். ஊரார் ஒரு குறிப்பிட்ட திருப்பம் வரை கூடவே நடந்து வந்து நின்றுவிடுவார்கள். டோனிகாலில் இவ்வாறு வழியனுப்புவதற்கென்றே தனிச்சொல் உண்டு. விமான நிலையத்தில் அம்மாவை விட்டு வந்த நம்மில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பதிவு 5 – ஏட்டுச்சுவடு

அடுக்களை நேரம் அக்கா எழுதியதை ஏற்கிறேன். அதனோடு, அந்தக் கூடல்களில் பேசப்பட்டவை எப்படிக் கைக்கு வந்தன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

கெரி மாவட்டத்தின் கில்ரியாலக் என்ற சிற்றூரில் ஷான் ஓ கானல் என்ற விவசாயி, மீனவர் இருந்தார். 1853இல் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட கதைகள் தெரியும். 1923 முதல் அவரிடம் போய்க் கதைகளை எழுதியெடுத்த ஷேமஸ் டெலார்ஜி ஒரு செய்தியைப் பதிவுசெய்திருக்கிறார். ஊரில் பழைய கதைகளைக் கேட்பவர்கள் குறைந்துபோனபின், மறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கிழவர் ஆளில்லாத இடத்தில், கையை வீசி, குரலை ஏற்றி இறக்கித் தமக்குத் தாமே கதை சொல்லிக்கொள்வாராம். 1935இல் ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் நிறுவப்பட்டபோது டெலார்ஜியே அதன் இயக்குநரானார். ஆணையத்தின் சேகரிப்பாளர்கள் எடிஃபோன் என்ற கனத்த பதிவுக்கருவியை மிதிவண்டியில் கட்டிக்கொண்டும் மலையேறினார்கள். மெழுகு உருளையில் பதிந்த கதையை எழுத்தில் இறக்கியதும், பணத் தட்டுப்பாட்டினால் அந்த உருளையைச் சீவி மறுபடி பயன்படுத்தினார்கள். சொற்கள் தப்பின, பல குரல்கள் மெழுகுத் தூளாக உதிர்ந்துபோயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இதைவிட வியப்பானது, 1937 முதல் 1939 வரை நடந்த பள்ளித் தொகுப்பு. ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்புக் குழந்தைகள் தாத்தா பாட்டிகளிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதினார்கள். கிணறுகள், மருந்துகள், வெண்ணெய் கடைதல், அயர்லாந்தின் புனிதையான பிரிஜித்தின் திருநாள் முன்னிரவில் கோரையால் பின்னும் சிலுவை, பஞ்ச காலத்து நினைவுகள் என்று பல பொருள்கள். மொத்தம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இன்று அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அந்த ஊர்ப் பள்ளியின் கையெழுத்துப் பக்கங்களே திரையில் வரும். மேற்கு மழை அவர்களே, அந்தப் பாட்டியின் ஊரைத் தேடிப் பாருங்கள். எழுதியவர்கள் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்களாக இருப்பார்கள். ஆனால் அடுப்பு ஒன்றுதானே?

பதிவு 6 – மேற்கு மழை

நால்வருக்கும் நன்றி. என் முதல் பதிவில் காரணத்தை மிகச் சுருக்கிவிட்டேன் என்பதை உணர்கிறேன். குறிப்பாக, அந்தக் கைகளைப் பார்த்தும் அவற்றின் களைப்பை நான் எழுதவில்லை. ஆனாலும் தேவை என்ற என் சொல்லை முழுவதும் கைவிட மனமில்லை. அதற்குக் காரணம் நான் கண்ணால் கண்ட ஒரு சாவு.

சென்ற ஆண்டு எங்கள் சாலையில் நான்கு வீடு தள்ளி வாழ்ந்த ஒரு விவசாயி இறந்தார். காலை உள்ளூர் வானொலியின் இறப்பு அறிவிப்பில் அவர் பெயர் வந்தது. பத்து மணிக்குள் ஒருவர் சமூகக் கூடத்திலிருந்து நாற்காலிகளை டிராக்டரின் பின்பெட்டியில் ஏற்றி வந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. எதிர்வீட்டார் தம் புல்வெளியின் வாயிற்கதவைத் திறந்து, கார்கள் நிறுத்த இடம் ஒதுக்கினார்கள். மஞ்சள் ஒளிர்சட்டை அணிந்த இரண்டு பையன்கள் மழையில் நின்று வண்டிகளுக்கு வழி காட்டினார்கள். என் வீட்டிலும் ஒருவர் வந்து, "உங்களிடம் பெரிய தேநீர்க் கெண்டி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். கெண்டியை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

முன்னறையில் திறந்த பெட்டியில் அவர் கிடந்தார். கைகளில் ஜெபமாலை. கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். சுவர்க் கடிகாரம் நின்றிருந்தது. களிமண் சுங்கானும் தட்டில் மூக்குப்பொடியும் வைத்த காலம் போய்விட்டது. மற்றவை பெரும்பாலும் முதியவர்கள் எனக்குச் சொன்னபடியே இருந்தன. வந்தவர்கள் வரிசையில் குடும்பத்தார் ஒவ்வொருவரின் கையையும் பற்றி, "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி நகர்ந்தார்கள். புதிதாக ஏதும் சொல்லத் தேவையில்லாமல் எல்லோரும் அதையே சொல்வது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த வரிசையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு சமையலறை. அங்கே சாண்ட்விச், தேநீர், இறந்தவர் ஒருமுறை கன்றுக்குட்டியைத் துரத்திச் சதுப்பில் இடுப்பளவு இறங்கிய கதை, அடக்கிய சிரிப்பு. இரவு முழுவதும் உடலைத் தனியே விடவில்லை. மறுநாள் கல்லறைக் குழியை வெட்டியவர்கள் அண்டை வீட்டு ஆண்கள் ஆறு பேர். அவர்களில் இருவர் இறந்தவரோடு வேலித் தகராறில் பல ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள்.

சட்டமும் தொலைக்காட்சியும் குடிபெயர்வும் வேக்கைத் தொடவில்லையா என்றால், தொட்டன. வேக்கில் ஆடிய விளையாட்டுகளைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் கண்டித்து ஒழித்தது. கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்களும் மறைந்தார்கள். ஆனால் சாவு வீட்டில் நாற்காலியும் தேநீரும் ஆறு மண்வெட்டிகளும் இன்றும் வேண்டியிருக்கின்றன. எந்த இயந்திரமும் அதைத் தீர்க்கவில்லை; அதனால் அந்தக் கூடல் உயிரோடு இருக்கிறது. லிஃபிக்கரை அவர்கள் சொன்ன அதிகாரம், தேவை வலுவாக இருந்த இடத்தில் கூடலை மாற்ற முடிந்தது, அழிக்க முடியவில்லை என்று இப்போது திருத்திச் சொல்கிறேன்.

பதிவு 7 – அடுக்களை நேரம்

அந்தச் சமையலறையில் கோப்பைகளைக் கழுவியது யார் என்று கேட்க நினைத்தேன். சொல்லுங்கள்.

பதிவு 8 – மேற்கு மழை

முதல் இரவு நானும் இரண்டு பெண்களும். இரண்டாம் இரவு, நாற்காலி கொண்டுவந்தவரும் அவர் மகனும். உண்மையாகவே அப்படித்தான் நடந்தது அக்கா.

ஏட்டுச்சுவடு ஐயாவுக்கு ஒரு செய்தி. நீங்கள் சொன்னபடி தேடினேன். பாட்டியின் ஊர்ப் பள்ளிப் பக்கங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, இரவில் நெருப்பை மூடும்போது சொல்லும் வேண்டுதலைப் பற்றியது. கிறிஸ்து எல்லோரையும் காப்பதுபோல் இந்த நெருப்பைக் காக்கிறேன். வீட்டின் இரு முனைகளிலும் பிரிஜித், நடுவில் மரியாள் என்று அது போகிறது. அதை எழுதிய சிறுமி பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரி என்று பாட்டியின் மகன் சொன்னார்.

நேற்றிரவு பத்து மணிக்குக் கைகள் அசையத் தொடங்கியதும் கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். ஐரிஷ் உச்சரிப்பு எனக்குச் சரியாக வராது. இரண்டாம் வரியில் கைகள் நின்றன. பாட்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அவள் ஒரு சொல்லை விட்டுவிட்டாள்" என்று சொல்லி, முழு வேண்டுதலையும் முதலிலிருந்து தாமே சொன்னார். பிறகு அந்தப் பக்கத்து வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் யார் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்று தொடங்கினார். விட்டுப்போன சொல்லை நான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. இன்றிரவும் எனக்குப் பணி இருக்கிறது, மறுபடி கேட்டு எழுதுகிறேன்.